நாணற்குளத்து மேட்டிலிருந்து யானைகளைப் பெயர்க்கும் ஓலை

குன்றும் குளமும் குறையாத கொன்றைநாட்டை ஆளும் நெடுங்கோவேள் மன்னரின் ஆணைப்படி, தலைமை அமைச்சர் பொறையனார், யானைப்படைத் தலைவர் ஆதன் கொற்றனாருக்கு விடுக்கும் ஓலை. உம் களிறுகளும், அவற்றைக் காக்கும் பாகரும், உம் இல்லத்தாரும் நலம் பெறுக.

ஐப்பசிதோறும் மூங்கிலூரில் வயிற்றுக் கழிச்சல் கண்டு குழந்தைகள் மடிவதை நீர் அறிவீர். காரணம் ஆராயச் சென்ற ஆண்டு அரண்மனை மருத்துவர் நன்னாகனார், முரசு முழங்க, எழுத்தரும் காவலரும் சூழ, அவ்வூர் புகுந்து வீடுதோறும் நோயாளியின் பெயரைக் கேட்டார். நோயுற்றவர் பெயரைச் சொன்னால் கூற்றுவன் காதில் விழும் என்பது அவ்வூரார் நம்பிக்கை. ஒருவரும் வாய் திறக்கவில்லை. நோயே இல்லை என்று எழுதிக்கொண்டு திரும்பினார் மருத்துவர். படித்தவர் பாடு அப்படி! அதைக் கேட்டு நாமும் மகிழ்ந்தோம். அந்த மாதமே ஒன்பது குழந்தைகள் இறந்தன.

வெட்கம் மருத்துவரைத் தின்றது. இவ்வாண்டு முரசுமின்றிக் காவலுமின்றித் தனியே நடந்து போய், நெல் குத்தும் பெண்களிடம் தம் பிழையை ஒப்புக்கொண்டு வழி கேட்டார். மகளைப் பறிகொடுத்த செம்பி என்பவள், பெயரை விட்டுவிட்டு நீரைக் கேளும் என்றாள். ஊரின் மூன்று குளங்களுக்கும் குளத்துக்கொரு கலம் வைத்தால், பிள்ளைக்கு நோய் கண்ட தாய், தான் நீர் மொள்ளும் குளத்தின் கலத்தில் ஒரு புளியங்கொட்டை போடுவாள் என்றும், கண்டறிந்ததை அரசவைக்குச் சொல்லுமுன் ஊருக்குச் சொல்ல வேண்டும் என்றும் உரைத்தாள். மருத்துவர் வாக்களித்தார்.

மாத முடிவில் இரண்டு கலங்களில் மும்மூன்று கொட்டைகள். நாணற்குளத்துக் கலத்தில் நாற்பத்தொன்று. அக்குளத்துக் கால்வாயைப் பிடித்து மருத்துவர் மேலேறிச் சென்றார். அது மேட்டில் யானைகளைக் கட்டும் நம் கொட்டாரத்துக் கழிவில் போய் முடிந்தது. வேலியே பயிரை மேய்ந்திருந்தது. மன்னர் உயிராய் வளர்க்கும் களிறுகள் அவை. ஆயினும் மருத்துவர் சொன்ன சொல் தவறாமல், ஊர் நடுவே முதலில் உரைத்துப் பின்பே அவைக்கு வந்தார்.

அரசவைக்கு முன்பு ஊர் அறிந்தது குற்றமென்று உம் ஆட்கள் முறையிட்டனர். தம் வீட்டு நோயைத் தாமே எண்ணித் தந்தவர்க்கே அதன் விடையை முதலில் அறியும் உரிமை என்று மன்னர் தீர்ப்பளித்தார்.

ஆகவே, இவ்வோலை கண்ட ஏழாம் நாளுக்குள் கொட்டாரம் குளங்களுக்குக் கீழே பெயர்க்கப்படல் வேண்டும். அதற்குமுன் நீரே மூங்கிலூர் சென்று, ஊரார் கேட்க இதைப் படித்துக் காட்டும். பட்டத்து யானை பழகிய துறையை விட்டு வராது என்று நீர் மறுமொழி எழுதக்கூடும், எழுத வேண்டா. யானைக்கு வேறு துறை உண்டு. அத்தாய்மார்க்குப் போன பிள்ளை வாராது.

மன்னரின் வேங்கை முத்திரை இட்டோம். ஆணை நடக்க.