மைதானத்தில் மாப்பிள்ளை விசாரித்த கதை

சுன்னாகம்
8.9.1976

அன்பு மகள் கமலினிக்கு,

நானும் அப்பாவும் பிள்ளையார் துணையில் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தைக் கேட்டு எழுத வேண்டியதில்லை, போன கடிதத்தில் உன் கையெழுத்துக் கோணிக்கொண்டு போன விதமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. டெறிக்கோடு இனிப் பேச்சில்லை, கலியாணக் கதையே வேண்டாம், முழங்கால் சரியில்லை, பாதி ஆட்டத்தோடு வெளியே வருகிறேன் என்று என் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தவன் முழு ஆட்டமும் ஆடி முழங்காலை முறித்துக்கொண்டான், ஏன் என்று கேட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான், இப்படிப்பட்டவனை நம்பி எப்படிக் குடும்பம் நடத்துவது, அம்மா உங்கள் நேர்த்தி பலித்துவிட்டது, இனி நிம்மதியாக இருங்கள் என்று எழுதியிருந்தாய். பலித்ததுதான். இந்தச் சம்பந்தம் குழம்பினால் நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாக வைத்த நேர்த்தி அது. உன் கடிதம் வந்த அன்றே சந்தையில் தேங்காய்க்குச் சொல்லியும் விட்டேன். ஒளிப்பானேன், அன்றைக்கு எனக்குச் சந்தோஷம், இரவு இரண்டு பிடி சோறு கூடத்தான் சாப்பிட்டேன். மறுநாள் சிட்னியிலிருந்து சச்சி மாமாவின் கடிதம் வந்தது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், கேட்ட வரம் கையில் நிற்கும். இருக்க முடியவில்லை பிள்ளை. இதைப் பஸ்ஸில் நின்றுகொண்டு வாசியாதே, அறைக்குப் போய்க் கதிரையில் இருந்து ஆறுதலாக வாசி.

நீ முதன்முதல் இவனைப் பற்றி எழுதியபோது இந்த வீடு செத்த வீடு போலக் கிடந்தது. வெள்ளைக்காரன் என்பது ஒரு பக்கம், உத்தியோகம் என்ன என்று பார்த்தால் உதைபந்தாட்டம். பின்னேரத்தில் பெடியன்கள் விளையாடுவதற்குச் சம்பளமா என்று அப்பாவைக் கேட்டேன். அவர் நீ அனுப்பிய பத்திரிகைத் துண்டுகளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்து எனக்கு விளங்கப்படுத்தினார். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு கழகத்தில் சேர்ந்து பெரிய ஆட்டக்காரரின் சப்பாத்துகளைத் துடைத்தானாம், பதினெட்டில் ஆடக் கூப்பிட்டார்களாம், முன்னுக்கு நின்று கோல் போடுவதுதான் இவன் வேலையாம், போட்டால் தோளில் தூக்குவார்களாம், கொஞ்ச நாள் போடாவிட்டால் இன்னோர் ஊர்க் கழகத்துக்கு விற்றுவிடுவார்களாம். ஒரேயொரு வருடம் இங்கிலாந்தின் முதலாம் பிரிவுக் கழகம் ஒன்றில் ஆடியிருக்கிறான், அந்த வருடத்துப் படத்தில் தலைமயிர் தோளில் விழச் சினிமாக்காரன் மாதிரி நிற்கிறான். பிறகு முழங்காலில் ஒப்பரேசன், பிறகு இரண்டாம் பிரிவு, மூன்றாம் பிரிவு, நாலாம் பிரிவு. அங்கிருந்து மெல்பேணில் இத்தாலிக்காரர் நடத்தும் ஒரு சின்னக் கழகம், கிழமை நாட்களில் அவர்களுடைய கம்பனியில் தரைக்குக் கல் பதிக்கிற வேலை. அப்பா ரெயில்வேயில் ஸ்ரேசன் மாஸ்ரராக மாகோ, பொல்காவலை, கல்லோயா என்று எத்தனை மாற்றம் கண்டவர். அவரே, "எனக்கும் ஊர் ஊரா மாற்றம் தந்தவைதான், ஆனா என்னை ஆரும் விலைக்கு விக்கேல்லை" என்று சொல்லிப் பெருமூச்சு விட்டார். எனக்கு இருந்தது ஒரே கேள்விதான், பென்சன் உண்டா. இல்லையாம். முப்பத்தொரு வயதில் கிழவன் என்று ஒதுக்குகிற உத்தியோகத்துக்கு எந்தத் தாய் பெண் கொடுப்பாள் சொல்லு.

ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. ஒரு சம்பந்தம் வந்தால் பிடிக்குதோ இல்லையோ நாலு இடத்தில் விசாரிக்காமல் விடுவதில்லை. அதனால் உனக்குச் சொல்லாமல் சச்சிக்கு எழுதினேன். போய் ஆளை விசாரி, குடிப்பானா, முன்னமே கலியாணம் முடித்தவனா, பரம்பரை நோய் வருத்தம் ஏதும் இருக்கா, எவ்வளவு உழைக்கிறான், அந்த முழங்கால் சுகப்பட்டுவிட்டதா இல்லையா என்று நன்றாகக் கேள் என்று எழுதினேன். குறை கண்டுபிடி என்று எழுதவில்லை, ஆனால் என் தம்பிக்கு என் மனம் தெரியும். கந்தோர் அலுவலாக மெல்பேண் வந்தேன் என்று மல்கிரேவில் உன் அறைக்கு வந்து உன்னிடம் சொன்னானே, அது பொய். உனக்கு ஞாயிறு ஆஸ்பத்திரி லாப்பில் வேலை, மைதானத்துக்கு வரமாட்டாய் என்று அறிந்துதான் அந்த ஆட்டத்துக்குப் புறப்பட்டு வந்தான். கோட்டு, கழுத்தில் ரை, கையில் குடை. இங்கே இறைவரிக் கந்தோரில் ஆட்களைக் கேள்வி கேட்டே பழகியவன், சும்மா விடுவானா. முதலில் டெறிக் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கார மனுசியைக் கேட்டிருக்கிறான், பிறகு வேலைத்தலத்து மேற்பார்வைக்காரனை, கடைசியாகக் கழகத்துச் செயலாளரை. செயலாளர் இத்தாலிக்காரர், சச்சியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கிக் கோப்பி கொடுத்துக் கூரைக்குக் கீழே நல்ல கதிரையாகப் பார்த்து இருத்தினாராம். "மாப்பிளை பகுதி எங்களை நல்லா மதிக்குது அக்கா" என்று எனக்கு முதற் கடிதத்தில் எழுதியிருந்தான்.

அந்த முதற் கடிதத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கிரிக்கெற்றைத் தவிர வேறொன்றும் பார்த்தறியாதவன் எழுதுகிறான், "பந்து ஒரு பக்கம் கிடக்குது, இவர் மற்றப் பக்கத்தில பஸ்ஸுக்கு நிக்கிற ஆள் மாதிரி நிக்கிறார், திடீரெண்டு பேய் கலைச்ச மாதிரி ஓடுறார், ஓடி முடிய என்னை ஒருக்கா நிமிந்து பாக்கிறார், மரியாதை தெரிஞ்ச பெடியன்தான், ஆனா ஒரு கோலும் போடேல்லை." இடைவேளைக்குப் பிறகு இவனை வெளியே வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிட்டார்களாம், இவன் கையை ஆட்டி மாட்டேன் என்றுவிட்டு, காலை இழுத்து இழுத்து இன்னும் வேகமாக ஓடினானாம். முடிகிற நேரத்தில் திரும்பும்போது விழுந்து, நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்களாம். நான் அதைச் சத்தமாக வாசித்துச் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. "சச்சி ஆரெண்டு அவனுக்குத் தெரியாது. பிறகேன் நிமிந்து நிமிந்து பாத்தவன்?" என்று கேட்டார். நான் குசினியில் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

பதில் சச்சியின் இரண்டாவது கடிதத்தில் வந்தது, உன் கடிதத்துக்கு மறுநாள் வந்ததே, அது. மல்கிரேவில் நீ அழுததைப் பார்த்துவிட்டுச் சச்சிக்கு மனம் கேட்கவில்லை, தோடம்பழம் வாங்கிக்கொண்டு உன்னிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான். சச்சியைக் கண்டதும் டெறிக் கட்டிலில் நிமிர்ந்து இருந்து, தலைமயிரை ஒதுக்கிவிட்டு, நீங்கள் எந்தக் கழகம், இந்தக் கால் மூன்று மாதத்தில் சரிவந்துவிடும், என்னைக் கணக்கில் இருந்து எடுத்துவிடாதீர்கள் என்று கேட்டானாம். சச்சிக்கு ஒன்றும் விளங்கவில்லை. விசாரித்த பிறகுதான் தெரிந்தது. ஹொங்கொங்கில் உள்ள கழகக்காரர் வயது போன இங்கிலாந்துக்காரரை நல்ல சம்பளத்துக்கு எடுக்கிறார்களாம். கோட்டும் குடையுமாக ஒரு கிழக்கத்தைய மனிதர் வந்து வயதென்ன, குடியா, என்ன உழைப்பு, முழங்கால் எப்படி என்று துருவித் துருவிக் கேட்டால் இத்தாலிக்காரர் வேறு என்ன நினைப்பார். ஆட்டம் தொடங்க முன்னமே ஓடிப்போய் டெறிக்கிடம், உன்னை எடுக்க ஆள் வந்திருக்கு, முழங்காலைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார், இன்றைக்கு ஓடிக் காட்டு என்று சொல்லியிருக்கிறார். அடுத்த வருடம் நீங்கள் இருக்கும் நாடு முழுவதற்கும் பெரிய போட்டி தொடங்கப்போகிறதாம், இளம் ஆட்களைத்தான் எடுக்கப்போகிறோம், உனக்கு இடமில்லை என்று இத்தாலிக்காரரின் கழகம் அவனுக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டதாம். அதை அவன் உனக்குச் சொல்லவில்லை. ஹொங்கொங்கில் இரண்டு வருடம் ஆடினால் ஒரு வீட்டுக்கு முற்பணம் சேர்ந்துவிடும், பிறகு உன் அப்பாவுக்கு முறையாக எழுதிப் பெண் கேட்கலாம் என்று நினைத்திருக்கிறான். அதனால்தான் பாதியில் வெளியே வரவில்லை. அந்த முழங்காலைப் பற்றி நன்றாகக் கேள் என்று எழுதியது யார்? நான். என் கேள்விதான் பிள்ளை அந்தக் காலை முறித்தது.

சச்சி, நான் எந்தக் கழகமும் இல்லை, கமலினியின் தாய்மாமன், மாப்பிள்ளை விசாரிக்க வந்தனான் என்று உண்மையைச் சொல்லிவிட்டான். டெறிக் சிரிக்கத் தொடங்கி, கண்ணால் தண்ணீர் வர வரச் சிரித்ததில் தாதி ஓடி வந்து பார்த்தாளாம். சச்சிக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம் போல இருந்ததாம். சிரித்து முடிய அவன் கேட்டது ஒன்றே ஒன்று. கமலினிக்கு இதைச் சொல்ல வேண்டாம், தாயின் விசாரணையால் வந்தது என்று தெரிந்தால் அவள் தாயோடு ஒருநாளும் பேசமாட்டாள், காலுக்கு மருந்து இருக்கிறது, அதற்கு மருந்து இல்லை என்றானாம். கடைசி வசனத்தைச் சச்சி கொஞ்சம் சோடித்திருப்பான், அவன் பழக்கம் அது. ஆனால் சாரம் அந்தப் பெடியனுடையதுதான், ஏனென்றால் நீ போய்க் கேட்டபோதும் உன் ஏச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு சுவரைத்தானே பார்த்துக்கொண்டு கிடந்தான். வேறொருவன் என்றால் உன் அம்மாவைக் கேள் என்று ஒரு சொல்லில் தப்பியிருப்பான். என்னை அவன் கண்ணால் கண்டதில்லை, நான் அவனுக்கு எதிராக நேர்த்தி வைத்தவள்.

சத்தியத்தை மீறியது பிழைதான், அது இல்லை என்று நான் சொல்லவரவில்லை. வேலை போகப்போகிறது என்பதை உனக்கு ஒளித்ததும் பிழை. அதையெல்லாம் நீ அவனிடம் முகத்துக்கு நேரே கேள், நன்றாகக் கேள், உனக்கு வாய் இல்லையா என்ன. என்னோடு கோபிக்க வேண்டுமென்றால் கோபி, எத்தனை மாதம் கடிதம் போடாமல் இருந்தாலும் தாங்கிக்கொள்வேன், ஆனால் உண்மை தெரியாமல் நீ அவனை விட்டால் அதைத் தாங்கமாட்டேன். சந்தைக்காரன் தேங்காயை இறக்கிவிட்டுப் போய்விட்டான், திருப்பி எடுக்கமாட்டேன் என்கிறான். நேற்றுக் கோயிலுக்குப் போய் எல்லாவற்றையும் அந்த முழங்காலுக்காக உடைத்தேன். பிள்ளையாருக்குக் காரணத்தை மாற்றிச் சொன்னால் விளங்காதா. ஐயர்தான் ஒரு மாதிரிப் பார்த்தார்.

அப்பா சச்சியின் இரண்டாவது கடிதம் முழுவதையும் இரண்டு தரம் வாசித்தார். இன்று காலை கோப்பி குடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று, "நான் பென்சன் எடுத்த அண்டைக்கு, கடைசி ரெயிலுக்குக் கொடி காட்டிப்போட்டுத் திரும்பிப் பாக்க நீ ஸ்ரேசன் வாங்கில வந்து இருந்தனி. நீ வந்திராட்டி நான் எப்பிடி வீட்டை வந்திருப்பன் எண்டு எனக்குத் தெரியாது" என்றார். பிறகு, "அந்தப் பெடியனைக் கூட்டிக்கொண்டு போக ஆர் வருகினம்?" என்று கேட்டார். இம்மாதக் கடைசி வெள்ளிக்கிழமை அவனை ஆஸ்பத்திரியிலிருந்து விடுகிறார்களாம், சச்சி எழுதியிருக்கிறான். கழகத்துக்கு இனி அவன் தேவையில்லை, தாய் தகப்பன் இங்கிலாந்தில். வாசலில் நிற்க ஒருவரும் இல்லை. அன்றைக்கு லாப்பில் லீவு போட்டுவிட்டு நீ போ. அவனைக் கட்டுவதா விடுவதா என்பதைப் பிறகு நீங்கள் இருவரும் பேசுங்கள், அது உங்கள் வாழ்க்கை, இனி நான் யாரையும் அனுப்பி விசாரிக்கமாட்டேன். அன்றைக்கு மட்டும் அவன் தனியாக வெளியே வரக்கூடாது.

வேறு புதினம் ஒன்றும் இல்லை. மழை இன்னும் இல்லை, கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. அப்பாவின் சளி சுகம். மெல்பேணில் இருக்கிற யோகா அன்ரி வீட்டில் கேட்டால் கஞ்சிக்குச் சிவப்பரிசி தருவா, காய்ச்சிப் போத்தலில் கொண்டுபோ, ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் ஒரு சத்தும் இராது. சச்சி மாமாவை ஏசாதே, அவன் ஏற்கெனவே அரைச் சீவன், ஏசுவதை எனக்கு எழுது. குளிருக்குக் காதை மூடு. உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வராமல் பிள்ளையார் காவல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உனக்கு அம்மாவும் அவனுக்கு மாமியுமான
நாகேஸ்வரி வரதராஜா