சுக்கு பனி பார்த்த கதை

யான்பு, சவூதி அரேபியா,
ஞாயிற்றுக்கிழமை மாலை.

அன்புள்ள ஜெயாவுக்கு,

உன்னையும் சம்யுக்தாவையும் நம் குட்டிப் பேத்தியையும் அகிலாண்டேஸ்வரி நல்லபடியாக வைத்திருக்கட்டும். நான் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. இரண்டு நாளாக உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் என்னத்துக்கு எழுந்தோம் என்று மறந்துபோகிறது. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பால்கனியில் போய் நின்றுகொண்டிருந்தேன். பால் பொங்கி, வழிந்து, கருகி, பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

நீ வெள்ளிக்கிழமையிலிருந்து போன் செய்துகொண்டிருக்கிறாய். நான் எடுக்கவில்லை. "வந்து சேர்ந்தேன்" என்று ஒரு மெசேஜ் மட்டும் போட்டேன். கோபமாகத்தான் இருப்பாய். போனில் சொன்னால் நீ பாதியில் அழுவாய், நான் பாதியில் கத்துவேன், ஒன்றும் முடியாது. விஷால் நாளைக்குத் திருச்சிக்குக் கிளம்புகிறான். என் செக்‌ஷன்காரன், நீ செய்த பருப்புப் பொடியைப் பாட்டிலோடு தூக்கிக்கொண்டு போனானே, அவன்தான். பேரீச்சம்பழத்தையும் இந்தக் கடிதத்தையும் அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

நீ சொன்னபடிதான் செய்தேன், ஜெயா. அதை முதலில் தெரிந்துகொள். எனக்கு ஃபைனல் எக்ஸிட் அடித்தாகிவிட்டது, இந்த மாதக் கடைசிக்குள் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். சுக்குவை விமானத்தில் ஏற்றினால் இறங்கும்போது உயிர் இருக்காது, இந்த இதயத்துக்குச் சான்றிதழ் தர மாட்டேன் என்று நாய் டாக்டர் கையை விரித்துவிட்டார். மஹ்மூது பாயிடம் விட்டுவிட்டு வாருங்கள், பேத்தியைத் தொட்டிலில் போட வேண்டும் என்று நீதான் சொன்னாய். சொல்லும்போது உன் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். சரி என்றேன். பதினாலு வருஷமாக 'உங்க நாய், உங்க நாய்' என்று உன்னையும் மகளையும் கேலி செய்தவன் நான். எனக்கு என்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

மஹ்மூது நம் பிளாண்ட் பஸ்ஸை ஓட்டிய அதே மஹ்மூதுதான். இப்போது தபூக்குக்கு மேலே, லவ்ஸ் மலைப் பக்கம், அவனுடைய புதுக் கஃபீல் முதலாளியின் ஆட்டுப்பட்டியைப் பார்த்துக்கொள்கிறான். புதன்கிழமை சாயங்காலம் அவனிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. ஆடு, வேலி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வெள்ளை வெளேர் என்று கிடந்தது. "சாப், பரஃப்! ஜல்தி ஆவோ" என்று கத்துகிறான், பனியாம், சீக்கிரம் வர வேண்டுமாம். எப்படியும் போகத்தான் வேண்டும், பனியையும் பார்த்துவிடுவோம் என்று வியாழக்கிழமை விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டோம். பின்சீட்டில் சுக்கு. டிக்கியில் அவனுடைய படுக்கை, தட்டு, மாத்திரை டப்பா. வழியெல்லாம் நான் கண்ணாடியில் அவனைப் பார்க்கவே இல்லை.

மலையடிவாரத்தில் ஊரே கூடியிருந்தது. ஜித்தாவிலிருந்தெல்லாம் குடும்பம் குடும்பமாக வந்து, கம்பளி அங்கியைப் போர்த்திக்கொண்டு, காரோரம் கம்பளம் விரித்துக் காவாக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் குரங்குக் குல்லாயும் டூட்டி ஷூவுமாகத் தயிர்சாதத் தூக்கோடு இறங்கினேன். சிரிக்காதே. அவனுக்கு மாத்திரை உள்ளே போக வேறு வழி உண்டா?

சுக்குவைத் தூக்கி இறக்கிவிட்டேன். நீ ஊருக்குப் போன பிறகு மாடிப்படிக்குக்கூட நான்தான் அவனைத் தூக்குகிறேன். ஒரு காலைப் பனியில் வைத்தான், வெடுக்கென்று எடுத்தான். இது உன் வேலையா என்பதுபோல என்னைப் பார்த்தான். அப்புறம் மூக்கை உள்ளே விட்டான். தும்மினான். ஒரு வாய் தின்று பார்த்தான். அப்புறம், ஜெயா, ஓடினான்! நம் சுக்கு ஓடினான்! பின்னங்காலை இழுத்துக்கொண்டு நடக்கிறவன், காதெல்லாம் பின்னால் பறக்க, வட்டம் போட்டு ஓடினான். மல்லாந்து படுத்து நாலு காலையும் மேலே தூக்கி உருண்டான். ஒரு அரபுச் சிறுமி பனியை உருட்டி எறிந்தாள். லபக்கென்று வாயில் பிடித்தான். உருண்டை உடைந்து காணாமல் போனதும் அதைத் தேடித் தேடி அலைந்தான். அந்தக் குழந்தைகள் கைதட்டித் தட்டி அவனை ஆட வைத்துவிட்டார்கள். தயிர்சாதத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை, படுபாவி. நான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே இருந்தவன் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. நீ பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

அங்கிருந்து பட்டிக்குப் போனோம். மஹ்மூது நல்லவன். ஆட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் தன் அறையிலேயே அடுப்போரம் இடம் போட்டு வைத்திருந்தான். பழகிய வாசனை இருந்தால் ஏங்காது, நம் துணி ஏதாவது போட்டுவிட்டு வாருங்கள் என்று நீ சொல்லியிருந்தாய் அல்லவா? நான் என் பழைய டூட்டி உடுப்பான கவராலைக் கொண்டுபோயிருந்தேன். அதை விரித்தேன். ஆடிய களைப்பில் சுக்கு அதில் படுத்துத் தூங்கிப்போனான். அவன் தூங்கும்போதே திருடன் மாதிரி கிளம்பி வந்துவிட்டேன்.

கீழே பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி டீ வாங்கினேன். வாயில் வைக்கும்போதுதான் உறைத்தது. முட்டாள், முட்டாள் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். உன் புடவையையோ போர்வையையோ போட்டிருக்கலாம். கவராலைப் போட்டேனே! தினமும் நான் டூட்டிக்குப் போனதும் முதல் நாள் கழற்றிப் போட்ட கவராலை இழுத்து வந்து வாசற்கதவை ஒட்டிப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து நான் வரும்வரை காத்திருப்பது அவன் வழக்கம். நீ எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருக்கிறாய். அவனுக்கு அந்தத் துணி என்றால் நான் சாயங்காலம் வந்துவிடுவேன் என்று அர்த்தம். டீயை அப்படியே வைத்துவிட்டு வண்டியைத் திருப்பினேன்.

இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. மறுபடி பனி விழ ஆரம்பித்திருந்தது. என் கார் நின்ற இடத்தில், கவராலை அங்கே வரை இழுத்து வந்து போட்டு, அதன்மேல் சுக்கு உட்கார்ந்திருந்தான். முதுகெல்லாம் பனி. மஹ்மூது குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தான். தூக்கப் போனால் உறுமுகிறதாம், இறைச்சியைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறதாம். "நஹி மானேகா, சாப். கலாஸ், லே ஜாவோ" என்றான். இவன் ஒப்ப மாட்டான், கொண்டுபோய்விடு என்கிறான். சுக்கு என்னைப் பார்த்து வாலைக்கூடப் பெரிதாக ஆட்டவில்லை. டூட்டி முடிந்து லேட்டாக வந்தவனைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காருக்கு நடந்தான். அவ்வளவுதான்.

அன்றைக்கு மஹ்மூது அறையிலேயே தங்கி, மறுநாள் திரும்பினோம். அன்றிலிருந்து சுக்குவுக்கு இருமல். டாக்டர் மருந்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார். வயசுதான் காரணம், பனி இல்லை என்கிறார், அவர் முகத்தைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. இதை எழுதும்போது மேஜைக்கு அடியில் என் பாதத்தின்மேல் தலையை வைத்துப் படுத்திருக்கிறான். கால் மரத்துப்போய்விட்டது.

இன்று காலை மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். பிளாண்ட் ஷட்டவுன் வேலை முடியும்வரை இருக்கிறாயா என்று போன மாதம் கேட்டார் அல்லவா, முடியவே முடியாது என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். இன்று நானே போய், இருக்கிறேன், எக்ஸிட்டைக் கேன்சல் செய்யுங்கள் என்றேன். வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். வீட்டில் வயசானவர் ஒருத்தர் இருக்கிறார், அவரை விட்டுவிட்டு வர முடியவில்லை என்றேன். பொய் இல்லையே.

ஆகையால் சுக்கு இருக்கும்வரை நான் இங்கேதான். தொட்டில் போடும் அன்று நான் அங்கே இருக்க மாட்டேன். பேத்தியின் காதில் தன் அப்பாதான் பேர் சொல்ல வேண்டும் என்று சம்யுக்தா பிடிவாதமாக இருந்தாள். அவளிடம் என்ன சொல்வாயோ, எனக்குத் தெரியவில்லை. பனி பார்க்கப் போனதைச் சொல், சுக்கு ஓடியதைச் சொல். அவள் எடுத்து வளர்த்த நாய், அவளுக்குப் புரியும் என்று நினைக்கிறேன். மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்களோ, நினைத்துக்கொள்ளட்டும். என் இடத்தில் நீ உட்கார்ந்து, மெதுவாக, குழந்தை பயந்துவிடாமல், காதோடு காதாகப் பேரைச் சொல்லிவிடு. தாத்தாவின் ஆசீர்வாதம் அவளுக்கு நூறு வயசுக்கும் உண்டு.

இன்னொன்று. நான் எப்போது வருவேன் என்று மட்டும் கேட்காதே, ஜெயா. விளக்கேற்றும்போது நான் சீக்கிரம் வந்து சேர வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறாய், எனக்குத் தெரியும். இப்போதைக்கு, தயவுசெய்து, அதை வேண்டிக்கொள்ளாதே.

இப்படிக்கு,
உன் சேதுராமன்