இரண்டாவது பாலாடை

அக்கா,

இன்று காலை கொதிக்கிற தண்ணீரில் ஒரே ஒரு பாலாடையைத்தான் போட்டேன். சத்தம் இரண்டு கிடப்பதுபோல் கேட்கிறது.

தனியாகக் கிடக்கிற எவர்சில்வர் சாமான் பாத்திரத்தின் அடியில் தடதடவென்று ஆடும். அது எனக்குப் பழகிய சத்தம். இது வேறு. ஒன்றோடு ஒன்று மெல்ல இடித்துக்கொள்கிற சத்தம். மூடியைத் திறந்து பார்த்தேன். குழந்தைக்குப் பால் புகட்டுகிற, மூக்கு நீண்ட அந்தச் சின்னக் கிண்ணம் ஒன்றுதான் கிடந்தது. மூடியதும் மறுபடி ஆரம்பித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல், தெருவில் மீன்காரம்மா கூவிக்கொண்டு போகிறாள், பக்கத்து வீட்டு டிவி அலறுகிறது. நான் அடுப்பை விட்டு நகராமல் நிற்கிறேன். உன்னைத் தவிர யாரிடம் போய்ச் சொல்வேன்?

கும்மிடிப்பூண்டி லோக்கலில், லேடீஸ் பெட்டியில்தான் நமக்குப் பழக்கம். அத்திப்பட்டில் ஏறுகிற நீ, மீஞ்சூரில் ஏறுகிற எனக்காக ஜன்னலோரம் பையைப் போட்டு இடம் பிடித்து வைத்திருப்பாய். ஒரே கம்பெனி, ஒரே பேக்கிங் செக்‌ஷன். பெட்டியில் எவளாவது முழுகாமல் இருந்தால் அவள் புருஷனுக்குத் தெரியும் முன்பே உனக்குத் தெரிந்துவிடும். "இன்னாடி, நாஷ்டா எறங்கலையா?" என்று நீ கேட்டால் பெட்டியே சிரிக்கும். "டாக்டரம்மா சொல்லிட்டாங்கோ, டெஸ்ட்டே வோணாம்" என்பார்கள்.

அதற்குப் பிறகு நீ செய்கிற காரியத்தைப் பார்த்து மட்டும் யாரும் சிரித்ததில்லை. பிள்ளை பிறக்கும் முன்னால் அதற்கென்று ஒரு சாமான்கூட வீட்டுக்குள் வரக்கூடாது என்பது எங்கள் எல்லார் வீட்டிலும் சட்டம். நீ அந்தச் சட்டத்தைச் சுற்றிக்கொண்டு போனாய். "உன் ஊட்ல வெச்சாத்தானே ஆகாது? என் ஊட்ல இருக்கட்டும்" என்பாய். ஒரு பாலாடை, மூடி போட்ட கிண்ணம், சின்ன ஸ்பூன், மெல்லிய துணிகள். எல்லாவற்றையும் கொதிக்க வைத்து, உலர்த்தி, வெள்ளைத் துணியில் முடிந்து தூக்குப் பாத்திரத்துக்குள் வைத்திருப்பாய். வாரா வாரம் அவிழ்த்து மறுபடி கொதிக்க வைப்பாய். பிள்ளை பிறந்த சேதி வந்ததும் தூக்கோடு ஆஸ்பத்திரியில் நிற்பாய்.

ஏன் இப்படி என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னாய். மழையில் சிக்னல் கிடைக்காமல் பொன்னேரிக்கு வெளியே வண்டி நின்றுவிட்ட நாள். உனக்கு மாசம் முந்திப் பிறந்த பெண் குழந்தை. சப்பிக் குடிக்கத் தெம்பில்லை. பாலைப் பீச்சி ஊட்டலாம் என்றால் வீட்டில் ஒரு சாமான் இல்லை, வெள்ளத்தில் கடையெல்லாம் அடைப்பு. உன் புருஷன் இடுப்பளவு தண்ணீரில் போய் எங்கோ ஒரு பாலாடை வாங்கி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வழியில் விழுந்ததில் அதன் ஓரம் நசுங்கியிருந்ததாம். "எல்லாம் அப்புறம் வாங்கிக்கலாம்னாங்கடி. அந்த அப்புறம் எனக்கு வரவே இல்ல" என்றாய். அழவில்லை. ஜன்னல் கம்பியில் வழிந்த தண்ணீரை விரலால் வழித்துக்கொண்டிருந்தாய்.

அந்த நசுங்கிய பாலாடை உன் சமையலறைப் பலகையில் தனியாக இருக்கும். ஒரு தடவை தூசி தட்டக் கையில் எடுத்தேன். "அத்த வெய்யி" என்றாய். நீ அப்படி அதட்டி நான் கேட்டதே இல்லை.

எனக்கு ஏழாம் மாசம் நடந்தபோது பொன்னேரிக் கடையில் நீயே பொறுக்கினாய். ஒவ்வொரு பாலாடையின் மூக்கையும் உன் கீழுதட்டில் வைத்து இழுத்துப் பார்த்தாய். "கொயந்த ஒதடு, கீறிடக் கூடாது." கடைக்காரர் முறைத்ததை நீ கண்டுகொள்ளவே இல்லை. கடைசியில் ஒன்று தேறியது.

அடுத்த சில நாளில் நீ போய்விட்டாய். டீ டைமில் மார் வலிக்கிறது என்று அட்டைப் பெட்டிகள் மேல் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரி சாவு வீட்டுக்குப் போகக்கூடாது என்று என்னை உன் முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எனக்கான தூக்கு உன் வீட்டுக்குள் இருந்தது. எடுத்து வருகிறேன் என்றதும் என் மாமியார் சாமி ஆடிவிட்டாள். "சாவு ஊட்லேர்ந்து கொயந்தைக்கு சாமான் எடுத்தாருவியா? அறிவு கீதா உனக்கு? எல்லாம் அப்புறம் புதுசா வாங்கிக்கலாம்."

அப்புறம். ரயிலில் நீ சொன்ன அதே வார்த்தை. மறுநாள் மதியம் அரை நாள் லீவு போட்டு அத்திப்பட்டில் இறங்கினேன்.

உன் புருஷன் போன பிறகு நீ தனியாக இருந்த வாடகை வீடு; வீட்டுக்கார அம்மாதான் பூட்டைத் திறந்தார். உன் தம்பி காரியம் முடிந்ததுமே சிலிண்டரை எடுத்துப் போய்விட்டானாம். அடுப்பிலிருந்து ரப்பர் குழாய் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அடுப்பின் மேல் நீ கொதிக்க வைக்கிற பாத்திரம் இருந்தது. நான் அதைத் தொட்டேன். வெதுவெதுவென்று இருந்தது.

"யாராச்சும் வந்தாங்களாமா?"

"யாரு வருவா? சாவி என் இடுப்புல தொங்குது பாரு" என்றார் அவர். அவரும் தொட்டுப் பார்த்தார். பிறகு வாசல்படிக்கு வெளியே போய் நின்றுகொண்டார். "எடுக்கறத எடுத்துக்கினு சீக்கிரம் வாம்மா."

தூக்கைத் திறந்தேன். முடிச்சுத் துணி ஈரமாக இருந்தது. உள்ளே இரண்டு பாலாடைகள். ஒன்று நாம் வாங்கியது. இன்னொன்றின் ஓரம் நசுங்கியிருந்தது. நிமிர்ந்து பலகையைப் பார்த்தேன். காலியாக இருந்தது.

ஓடிவிடத்தான் தோன்றியது. வயிற்றுக்குள் குழந்தை ஒரு புரட்டுப் புரண்டது. முடிச்சைப் போட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது. அதனால் உன் வழியையே பிடித்தேன். தூக்கைச் சாப்பாட்டுப் பையின் அடியில் போட்டு, தினமும் ரயிலில் கொண்டுபோய்க் கொண்டுவந்தேன். ராத்திரிக்குப் பையை வெளிக்கதவுக் கொக்கியில் மாட்டிவிடுவேன். அப்படித்தான், மாசம் முந்தி ரயிலிலேயே எனக்கு வலி எடுத்தபோது அது என் மடியில் இருந்தது. பெட்டிப் பெண்கள் பொன்னேரியில் இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

பெண் குழந்தை. மாரில் போட்டார்கள். வாய் வைத்தது, இழுக்கவில்லை. மறுபடி வைத்தார்கள். இழுக்கவில்லை. அழுகை சன்னமாகிக்கொண்டே போனது. வெளியே மழைகூட இல்லை, அக்கா. ஆனால் நீ சொன்ன அந்த மழைச் சத்தம் எனக்குக் கேட்டது.

"பாலப் பீச்சி ஊட்டணும். பாலாடை எடுத்தாந்திருக்கீங்களா?" என்றார் நர்ஸ். அலறி அடித்துக்கொண்டு வந்திருந்த என் மாமியார் வெறுங்கையைப் பிசைந்தாள். நான் பையைக் காட்டினேன். தூக்கைத் திறந்து முடிச்சைத் தொட்ட நர்ஸ் கையை உதறினார்.

"இப்பதான் கொதிக்க வெச்சீங்களா? இந்தச் சூடு சுடுது!"

காலையிலிருந்து அந்தப் பை என்னை விட்டு அகலவில்லை. மாமியார் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் உட்கார்ந்து, நர்ஸ் சொல்லிக் கொடுத்தபடி, புதுப் பாலாடையால் சொட்டுச் சொட்டாக ஊட்டினாள். குழந்தை விழுங்கியது. நான் ஓவென்று அழுதேன். உன் பேரைச் சொல்லித்தான் அழுதேன்.

வீட்டுக்கு வந்த பிறகு உன் பழைய பாலாடையைத் துடைத்து எங்கள் சமையலறைப் பலகையில் கவிழ்த்து வைத்தேன். மறுநாள் அது நிமிர்ந்திருந்தது. மூக்கின் நுனியில் வெள்ளையாக ஒரு சொட்டு. மாமியாரும் பார்த்தாள். தூக்கிக் கிணற்றில் போடுவாள் என்று நினைத்தேன். ஆனால் அவள், "அதுக்கும் ஒரு வாய் ஊத்தி வையி" என்றாள். அன்றிலிருந்து என் மகளுக்கு ஊட்டும்போதெல்லாம் அதற்கும் ஊற்றினோம். திரும்பி வந்து பார்த்தால் காலியாக இருக்கும். எங்கள் வீட்டில் பூனை கிடையாது.

என் மகள் இப்போது ராகிக் கூழ் சாப்பிடுகிறாள். பழைய பாலாடையும் சில மாதங்களாகச் சும்மாதான் இருந்தது. நான் மறுபடி வேலைக்குப் போகிறேன். ஜன்னலோரம் இடம் பிடிப்பது இப்போது நான். போன வாரம் நந்தியம்பாக்கத்துப் பெண் ஒருத்தி பொரியைக்கூட வேண்டாம் என்றாள். "உன் ஊட்ல வெச்சாத்தானே ஆகாது?" என்று என் வாய் தானாகக் கேட்டது. அவளுக்காக வாங்கியதைத்தான் இன்று கொதிக்க வைத்தேன். உதட்டில் இழுத்துப் பார்த்துத்தான் வாங்கினேன்.

அடுப்பை அணைத்து, ஒன்றை எடுத்து, உலர்த்தி, ஒன்றைத்தான் துணியில் வைத்து முடிந்தேன். தூக்கில் போடும்போது உள்ளே இரண்டு இடித்துக்கொண்டன. பலகையைப் பார்த்தேன். காலி.

பயமாகத்தான் இருக்கிறது, அக்கா. என் குழந்தைக்கு வந்தது அவள் குழந்தைக்கும் வரப்போகிறதோ என்னவோ. ஆனாலும் நாளையிலிருந்து இந்தத் தூக்கு என் பையில்தான் இருக்கும். முடிச்சை நான் அவிழ்க்கவில்லை. தொட்டுப் பார்த்தேன், அது இன்னும் சுடவில்லை.