கேபிளைப் பிடித்துக்கொண்டிருந்தேன், தம்பி

தம்பி,

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இன்று காலை பேக்கிங் லைனில் நின்றபடி ஒரு கேபிளைப் பார்த்து அழுதுவிட்டேன். என்ன ஆச்சு என்று கேட்டவர்களிடம் கண்ணில் மிளகாய்த்தூள் பட்டுவிட்டது என்றேன். நம் கம்பெனியில் ஓடுவது பிஸ்கட். ஒருத்தி கண் கழுவத் தண்ணீர் கொண்டுவந்தாள்; அதுதான் இன்னும் கேவலம்.

லேப்டாப்பை மெஷினோடு சேர்க்கும் உன் கேபிள்தான். மெஷின்களைப் பார்க்க உன் இடத்துக்கு வந்திருக்கும் மராட்டிப் பெண், டிராயரைக் குடைந்து எடுத்தாள். நீல நிறம், ஒரு முனையில் கிளிப் உடைந்தது. புதுசு வாங்கித் தொலையேன் என்று உன்னை எவ்வளவு கேலி செய்திருப்பேன். "கம்பெனி லேப்டாப் குடுக்கும்க்கா, கிளிப் குடுக்காது" என்பாய். மெஷினுக்கு மூளை என்று நீ சொல்வாயே, அந்த பி.எல்.சி. டப்பாவில் அந்த முனை தானாக நிற்காது. யாராவது விரலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். டப்பா இருந்தது, பாக்கெட்டைப் பெட்டியில் அடுக்கி அனுப்பும் பெட்டி மெஷினின் பக்கத்தில். பெட்டி மெஷினில் இருந்தது நான். அதனால் அந்த விரல் எப்போதும் என்னுடையது.

கவிழ்த்த கிரேட்டில் உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வைத்துக்கொள்வாய். சில நாள் அதற்கு மெஷினே தெரியாது. ஏன் என்று கேட்டதற்கு, "ரெண்டும் ஒரே தெருவுல இருக்கணும்க்கா. கதவு நம்பர் மட்டும் வேற வேற. ஒரே நம்பர் குடுத்தா சண்டைதான்" என்றாய். ஏரவாடாவில் எங்கள் வீட்டில் ஒரே நம்பரில் மூன்று குடும்பம், வந்து பார் என்றேன். நீ சிரித்த சிரிப்பில் லேப்டாப் மடியை விட்டு நழுவியது.

அப்புறம்தான் நான் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டது. கட்டுப் பிரித்து வேலைக்கு வந்தால் கை பழைய கையாக இல்லை. பாக்கெட்டை அடுக்கி முடிப்பதற்குள் மெஷினின் தள்ளுகோல் வந்து பெட்டியை டேப் ஒட்டும் பக்கம் தள்ளிவிடும். பாதி நிரம்பிய பெட்டிகள் டேப் ஒட்டிக்கொண்டு போயின. சூப்பர்வைசர் தூரத்தில் நின்று பார்ப்பார். வேலை போய்விடும் என்று பயந்தேன். அதை மறைக்க அந்த வாரம் முழுக்க எல்லோரையும் கூடுதலாகக் கிண்டல் செய்தேன்.

ஒரு மத்தியானம் நீ லேப்டாப்போடு வந்தாய். "சும்மா செக் பண்றேன். பிடிங்கக்கா." இடது கை விரலால் அழுத்திக்கொண்டு, உன் முன்வழுக்கையைப் பற்றிப் பேசிக்கொண்டே நின்றேன். மறுநாளிலிருந்து என் கை மெஷினுக்கு ஈடு கொடுத்தது. குணமாகிவிட்டது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். "ஆமாக்கா, உங்க எலும்பு அப்படி" என்று சொல்லிவிட்டு என் சாப்பாட்டு டப்பாவிலிருந்த எலுமிச்சைச் சாதத்தைத் தின்றாய்.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீ எழுந்திருக்கவில்லை என்று ஆட்கள் வந்து சொன்னபோது, எங்கேயாவது தூங்கிக்கொண்டிருப்பான், நன்றாகப் பாருங்கள் என்றேன். பார்த்துவிட்டுத்தான் சொன்னார்களாம்.

இன்று அந்தப் பெண் வந்தது, முதல் ஷிப்டில் மட்டும் பெட்டி குறைகிறது என்று மேனேஜர் அனுப்பியதால். கேபிளைச் சொருகினாள், நான் பிடித்தேன். வெகுநேரம் திரையைப் பார்த்தாள். தள்ளுகோல் தள்ளுவதற்கு முன்னால் ஒரு சின்னக் காத்திருப்பு புரோகிராமில் எழுதியிருக்கிறது, அதுவும் முதல் ஷிப்டு நேரத்தில் மட்டும், காரணம் ஒன்றும் போடவில்லை என்று இந்தியில் சொன்னாள். அப்புறம் என் மணிக்கட்டைப் பார்த்தாள்.

மற்ற ஷிப்டில் எல்லாம் இளவட்டங்கள். முதல் ஷிப்டில் நான்தான். எனக்கு அப்போதுதான் புரிந்தது, தம்பி. என் கை குணமாகவே இல்லை.

நல்ல பெண். அவள் பாஷையில் 'தாயி' என்றால் அக்கா. "தாயி, நீங்க சொன்னா நான் மேனேஜர்கிட்ட பேசி இதை இப்படியே விட்டுடறேன். ஆனா யார் போட்டதுன்னு கேப்பார்" என்றாள். உன் படத்துக்கு மாலை போட்ட அன்று, இவன் மெஷினில் ஒரு தப்பும் வைத்ததில்லை என்று அந்த மேனேஜர்தான் பேசினார். உன் மனைவி அதைக் கேட்டுத்தான் தலை நிமிர்ந்தாள்.

"எனக்கென்ன தெரியும். எடுத்துடும்மா" என்றேன்.

பழைய புரோகிராமை ஒரு பிரதி லேப்டாப்பில் எடுத்துவைத்துக்கொண்டாள். புதியதை மெஷினுக்கு அனுப்புகிறேன், முடியும்வரை விட்டுவிடாதீர்கள் என்றாள். விரலைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், நடுவில் அறுந்துவிடும். நான் தளர்த்தவில்லை. நீ அதை எழுதியபோது எப்படிப் பிடித்திருந்தேனோ, அப்படியே பிடித்திருந்தேன். அன்றைக்காவது பேச்சை நிறுத்திவிட்டு, என்னடா பண்ணுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நாளையிலிருந்து லேபிள் மேஜைக்கு மாற்றிவிடச் சொல்லிக் கேட்டேன். சூப்பர்வைசர் உடனே சரி என்றார். உட்கார்ந்து செய்யும் வேலைதான், கஷ்டமில்லை. ஆனால் நீ கொடுத்த அந்தக் காத்திருப்பு மெஷினை விட்டுத்தான் போனது, என் கையில் அப்படியே இருக்கிறது. ராத்திரி சப்பாத்தி தேய்க்கும்போதும் நடுவில் ஒரு கணம் நின்றேன்.

இன்றைய மிச்ச ஷிப்டையும் பெட்டி மெஷினிலேயே ஓட்டினேன். கண்ணைத் துடைக்க மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, திறந்திருந்த பெட்டிக்குள் வைத்தேன், நேரம் இருக்கிறது என்ற பழைய நினைப்பில். தள்ளுகோல் தள்ளிவிட்டது. டேப் ஒட்டியாகிவிட்டது. ஒரு பாக்கெட் குறைந்த இடத்தில் கண்ணாடி. எடை சரியாக இருந்ததால் நாக்பூர் லாரியில் ஏற்றிவிட்டார்கள்.