அப்பா வாசம்

என் மகளின் அப்பாவுக்கு,

ஞாயிறு மாலை பாப்பாவை இறக்கிவிட்டுக் கிளம்பும்போது உங்கள் ஹெட்லைட் மங்கி மங்கி எரிந்ததை வாசலில் நின்று பார்த்தேன். நீங்கள் கார் கண்ணாடியை இறக்கவில்லை. நானும் கிட்டே வரவில்லை.

அவ்வளவு பழைய காரில் பல்பை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எங்கள் பட்டறைக்கு இப்படித்தான் வண்டிகள் வருகின்றன. விளக்கைக் கொஞ்ச நேரம் எரியவிட்டு அணைத்தபின், ஃபியூஸ் பெட்டியில் வயர்கள் சேரும் இடங்களுக்கு அருகே கையைக் கொண்டுபோங்கள். ஓரிடம் மட்டும் அனலாக அடித்தால், பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால், அந்த முனை தளர்ந்தோ களிம்பேறியோ இருக்கிறது. சுரண்டி ஒப்பேற்றாமல் புது முனை போடச் சொல்லுங்கள்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று அதைவிடப் பெரிய ஃபியூஸ் போட்டிருப்பீர்கள். கத்துகிறவர் வாயைப் பொத்துகிற வேலை அது. உங்களுக்குக் கைவந்ததுதான்.

பாப்பா அன்று போட்டிருந்த சட்டையைத் துவைக்க விடமாட்டேன் என்கிறாள். "வேணாம்மா, அப்பா வாசம் போயிடும்."

முகர்ந்து பார்த்தேன். கருகுகிற வயரின் நாற்றம் அது. அவளிடம் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு அந்தக் காரில் வராதீர்கள். வராமலும் இருந்துவிடாதீர்கள்.

பாப்பாவின் அம்மா