வாப்பா கத்தாத மூன்று வாரம்

பொன்னேரி
18.11.2006

என் செல்ல மகள் அஃபீஃபாவுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையில் நாங்கள் இருவரும் சுகம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. அந்த ஊர்க் குளிரில் நீ சுகமாக இருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறேன். கருவாட்டுப் பொடி வந்து சேர்ந்ததா? கூட இருக்கும் பெண்கள் மூக்கைப் பொத்தினால் ஜன்னலைத் திறந்து வைத்துச் சாப்பிடு, அதற்காகச் சாப்பிடாமல் இருக்காதே.

லிட்டரேச்சர் ரிவ்யூ என்று நீ போன கடிதத்தில் எழுதியதைப் பார்த்ததும், மகள் இங்கிலாந்தில் இலக்கியம் படிக்கிறாள் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டேன். தமிழய்யா ஆதிநாராயணன் வீடு தேடி வந்து எந்தப் புலவரை எடுத்திருக்கிறாள் என்று கேட்ட பிறகுதான் மீதிக் கடிதத்தைப் படித்தேன். விளையாட்டுக் கோச்சுகளைப் பற்றி உலகத்தில் யார் யாரோ எழுதிய கட்டுரைகளைத் தேடிப் பிடித்துச் சலிப்பதாம்! எதை எடுப்பது எதைத் தள்ளுவது என்று முன்கூட்டியே விதி எழுதி வைத்து, இரண்டாயிரத்து நூற்று நாற்பதில் பத்தொன்பதை மட்டும் வைத்துக்கொண்டாயாமே. ஒரு கம்மல் எடுக்க மூன்று நாள் கடைக்காரரை அழவைத்தவளுக்கு ஏற்ற வேலைதான்.

ஆனால் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதினாயே, ஆட்டத்தின் நடுவே கோச் கத்திக்கொண்டே இருந்தால் ஆடுகிறவர்கள் தாமாக யோசிப்பதை விட்டுவிடுகிறார்கள் என்று, அதுதான் இந்த வீட்டில் குண்டைத் தூக்கிப் போட்டது. மறுநாளிலிருந்து உன் வாப்பா கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வாலிபால் டீமுக்கு முன்னால் வாயே திறக்கவில்லை. நூர் முகம்மது கோச் சத்தம் போட்டால் ரயில்வே கேட் வரை கேட்கும் என்பார்கள், அந்த மனுஷன் மூன்று வாரமாக விசிலை மாட்டிக்கொண்டு சும்மா நிற்கிறாராம். கேப்டன் யேசுதாஸ் ஆறு சாத்துக்குடியோடு வீட்டுக்கு வந்து, இன்னாம்மா சாருக்கு தொண்டைல எதுனா ஆபரேஷனா, அவரு திட்டாம ஆட்டமே வரல, ஒரே பேஜாரா கீது என்று என்னிடம் கிசுகிசுக்கிறான். போன ஞாயிறு அத்திப்பட்டு மேட்சில் சடையப்பன் சர்வீஸ் போடும் முன் வாப்பாவைத் திரும்பிப் பார்த்தானாம், வாப்பா வானத்தைப் பார்த்தாராம், பந்து நேரே நெட்டுக்குப் போயிற்று, மேட்சும் போயிற்று. வீட்டிலும் இதே கதை. சோதித்துப் பார்க்கலாம் என்று இரண்டு நாள் வேண்டுமென்றே குழம்பில் உப்பை அள்ளிப் போட்டேன். அதையும் வாய் பேசாமல் தின்றுவிட்டு எழுந்து போகிறார்!

நேற்று டீ குடிக்கும்போதுதான் பேசினார். சாலிஹா, புள்ள பத்தாவது படிக்கறப்போ எங்கிட்ட வாலிபால் ஆட்றத உட்டுட்டாளே, அது நான் கத்துனதாலதானா என்றார். அதெல்லாம் ஒன்னுமில்ல, காலைல அஞ்சரைக்கு எழுந்திருக்க ஒங்க மகளுக்கு ஒடம்பு வணங்கல என்றேன். நம்பவில்லை. அப்படி வெறுத்து விட்டவள் கோச்சுகளைப் பற்றியே ஏன் படிக்கப் போனாள் என்று என்னையே கேட்கிறார். எனக்கு என்ன தெரியும், நீ ஒருநாளும் சொன்னதில்லையே.

ஒரே கட்டுரையை இரண்டு பேர் தனித்தனியே படித்து, ஒத்துவராவிட்டால் மூன்றாவது ஆள் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாய் அல்லவா? இங்கே இரண்டு பேர் படித்தாகிவிட்டது, ஒத்துவரவில்லை. மூன்றாவது ஆள் நீதான். முதல் இரண்டு பேர் போட்ட மார்க்கை மூன்றாவது ஆள் பார்க்கக் கூடாது என்று விதி இருந்தால் மன்னித்துக்கொள், உம்மா எல்லாவற்றையும் உளறிவிட்டேன். பதிலை வாப்பா பெயருக்கே போடு. உள்ளதை எழுது. அவர் கத்தினதுதான் காரணம் என்றால் அதையும் எழுது, தாங்கிக்கொள்வார். அவர் இப்படிச் சும்மா இருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும், கொஞ்சம் சீக்கிரம் எழுந்திருக்கும் புத்தியும் தருவானாக.

உன் உம்மா
சாலிஹா

பி.கு.: கவரை ஒட்டுமுன் வாப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன். உப்பு வந்த இடத்தில் என்னை ஒரு முறை முறைத்தார். முழுக்கப் படித்துவிட்டு, தபால் தலையை அவரே ஒட்டினார். தேவைக்கு மேல் மூன்று ஒட்டியிருக்கிறார், சீக்கிரம் போகும் என்று நினைப்பு.