கத்தி வழுக்கிய சேவல்

என் செல்லத் தம்பி குமரனுக்கு,

நீ போன பிறகு முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தேன். அதுவும் மலாக்கா டவுனில், ஓர் ஓவிய அருங்காட்சியகத்தில், எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி.

மாரடைப்பு என்று டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். சொந்தக்காரர்கள் கேட்டால்தானே? ஜாசின் வீட்டு ஹாலில் நாம் இருவரும் பலகை செதுக்கி, மை தடவி, கையால் சுற்றும் மெஷினில் படம் அச்சடித்ததுதான் காரணமாம். "அந்த மை வாடைதான் புள்ளைய கொன்னுச்சு. மெஷின வித்துடு லா," என்று சித்தி வரும்போதெல்லாம் சொல்கிறார்.

போன சனிக்கிழமை, அச்சுப் படங்கள் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கிளம்பினேன்.

"துக்க வீட்டுல இருந்துகிட்டு ஜாலான் ஜாலான்னு ஊர் சுத்தப் போறியா?"

"ஆமா சித்தி. நீங்களும் வாங்க."

வந்தார், சண்டை போடவே.

மற்றவர்கள் படத்துக்கு நேரே நின்று பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். நான் பக்கவாட்டில் குனிந்தேன். ஒன்றில் செப்புத்தகடு அழுத்திய பள்ளம் தாளின் நான்கு ஓரத்திலும் தெரிந்தது. தாளை நனைத்துத்தான் மெஷினுக்குள் கொடுத்திருக்கிறார்கள். அடுத்தது மரப்பட்டைத் தாள், விளக்கில் நார் நாராக மின்னியது. அப்புறம் பலகையில் செதுக்கிய ஒரு சேவல். அதன் காலருகே ஒரு வெள்ளைக் கீறல். கத்தி வழுக்கியிருக்கிறது! அந்த மனுஷன் விடவில்லை, பக்கத்திலேயே இன்னும் சில கீறல்கள் போட்டுப் புல்லாக்கிவிட்டார். அங்கேதான் சிரித்தேன். நீ இருந்திருந்தால் என் தோளில் குத்தியிருப்பாய், இல்லையா?

காவலுக்கு நின்ற மலாய்க்கார மக்சிக் அம்மா ஓடிவந்து, கிட்டே போகாதே என்று கையசைத்தார். சித்திக்கு மானம் போயிற்று. "என்னடி, பைத்தியமா?"

நான் புல்லைக் காட்டி விளக்கினேன். சித்தி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "கெட்டிக்காரன்தான்," என்றார். உடனே, "அதுக்காக நம்ம வீட்டுல எதுக்கு அந்த மெஷினு?"

"விக்க மாட்டேன் சித்தி. வாடை புடிக்கலன்னா ஜன்னல தொறந்து வெக்கிறேன். அச்சடிக்கிறத நிறுத்த மாட்டேன்."

 

நீ பாதி செதுக்கி விட்ட பஸ் நிலையப் படத்தின் பலகையைச் சொந்தக்காரர்கள் துணி போர்த்திச் சாமி அறையில் வைக்கச் சொல்கிறார்கள். முடியாது. நேற்று அதில் கத்தி வைத்தேன். பஸ்ஸுக்கு நிற்கும் பெண்ணின் முகத்தை நான்தான் செதுக்கினேன். நீ இழுக்கும் கோடுகளின் நெளிவு அதில் இல்லை, முரடாக இருக்கிறது. கோபம் வருகிறதா? வரட்டும்.

தீபாவளிக்கு முன் அதை அச்சடிப்பேன். கீழே பென்சிலால் நம் இருவர் பெயரையும் எழுதி, வருகிற சொந்தம் அத்தனையும் பார்க்கிற சுவரில் மாட்டுவேன். இது சத்தியம்.

உன் பிடிவாதக்கார அக்கா,
லதா